மின்சாரக் காரா, ஹைபிரிட் காரா? ஏற்காட்டு மலைப்பாதையை வைத்து ஒப்பிடும் முறை

சேலத்தில் முதன்முறையாகக் கார் வாங்கப்போகும் நண்பர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "மின்சாரக் கார் தானாகவே ஓடுமாமே, ஹைபிரிட்டில் அந்த வசதி உண்டா?" இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. சக்கரத்தைச் சுழற்றும் ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பது ஒன்று (மின்சாரக் காரில் பேட்டரியால் ஓடும் மோட்டார் மட்டும்; ஹைபிரிட்டில் பெட்ரோல் என்ஜினும் மோட்டாரும் சேர்ந்து). சாலையைக் கவனித்து ஸ்டீயரிங்கையும் பிரேக்கையும் இயக்கும் கேமரா, ரேடார், கணினி ஆகியவை எவ்வளவு தேர்ந்தவை என்பது மற்றொன்று. இவற்றைத் தனித்தனியே ஒப்பிட்டால் குழப்பம் நீங்கும். அதற்கான வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: உங்கள் ஓட்டத்தை எழுதுங்கள்

ஒரு மாதம் எங்கெங்கே, எத்தனை கிலோமீட்டர் போனீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். அஸ்தம்பட்டிக்கும் ஐந்து ரோட்டுக்கும் இடையில் நெரிசலில் நின்று நின்று போனது, கோவைக்கு நெடுஞ்சாலையில் போனது, ஏற்காடு ஏறியது என மூன்றாகப் பிரித்து எழுதினால் போதும். நெரிசலில் ஹைபிரிட் கார் பெரும்பாலும் மோட்டாரில் ஓடுவதால் பெட்ரோல் நன்றாக மிச்சமாகும். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது அந்த ஆதாயம் குறைந்துவிடும். வீட்டில் கார் நிறுத்துமிடத்தில் சார்ஜ் போட வசதி உண்டா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: இரண்டையும் ரூபாய்க்கு மாற்றுங்கள்

ஹைபிரிட்டின் மைலேஜ் லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்றும், மின்சாரக் காரின் ரேஞ்ச் ஒருமுறை முழுதாகச் சார்ஜ் செய்தால் இத்தனை கிலோமீட்டர் என்றும் சொல்லப்படுவதால் நேராக ஒப்பிட முடியாது. மாருதி கிராண்ட் விட்டாராவின் ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்கு (மோட்டாரை மட்டும் கொண்டும் ஓடக்கூடிய வகை) லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் என்று அறிவித்தார்கள். 2025 ஜனவரியில் ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக் வெளிவந்தபோது அதன் 51.4 யூனிட் (கிலோவாட் மணி) பேட்டரிக்கு 473 கிலோமீட்டர் என்றார்கள். இரண்டுமே சோதனைக்கூட அளவுகள். சாலையில் இரண்டும் குறையும்.

எடுத்துக்காட்டாக, ஹைபிரிட் கார் சாலையில் லிட்டருக்கு 20 கிலோமீட்டர் தருகிறது, பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கிலோமீட்டருக்கு 5 ரூபாய் ஆகிறது. மின்சாரக் கார் ஒரு யூனிட்டில் 7 கிலோமீட்டர் ஓடுவதாக வைத்தாலும், சார்ஜ் ஏறும்போதே ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடுவதால், மீட்டரில் ஓடும் யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் என்றே கணக்கிடுங்கள். வீட்டு மின்சாரம் யூனிட் 8 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1 ரூபாய் 35 காசு. வெளியில் வேகச் சார்ஜரில் யூனிட்டுக்கு 24 ரூபாய் கொடுத்தால் அதே செலவு 4 ரூபாய் வரை போய்விடும். எனவே வீட்டில் சார்ஜ் போட முடியாதவருக்கு மின்சாரக் காரின் சிக்கனம் பெருமளவு கரைந்துவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து. உங்கள் மின்கட்டண ரசீதில் உள்ள தொகையை வைத்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இன்னொரு எச்சரிக்கை: மைல்ட் ஹைபிரிட் என்று விற்கப்படும் கார்கள் மோட்டாரை மட்டும் கொண்டு ஓடாதவை. அவற்றை இந்த ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள்.

மூன்றாம் படி: தானாக ஓடும் வசதியைத் தனியே எடைபோடுங்கள்

எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பு வகுத்த அளவுகோலில் 0 முதல் 5 வரை ஆறு நிலைகள் உள்ளன. இங்கே அடாஸ் (ஓட்டுநருக்கு உதவும் மின்னணு வசதிகள்) என்ற பெயரில் விற்கப்படும் கார்களில் கிடைப்பது அதிகபட்சம் 2 ஆம் நிலை. முன்னால் போகும் வண்டிக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைப்பதையும், லேன் கோட்டுக்குள் காரை விலகாமல் வைத்திருப்பதையும் கார் செய்யும்; ஆனால் கண்ணும் கையும் கவனமும் ஓட்டுபவருடையவை, பொறுப்பும் அவருடையதே.

இந்த வசதி மின்சாரக் கார்களுக்கே உரியது என்ற எண்ணம் தவறு. கூகுள் 2009 இல் தானோட்டச் சோதனையைத் தொடங்கியது டொயோட்டா பிரியஸ் என்ற ஹைபிரிட்டில்தான். ஓட்டுநர் சாலையிலிருந்து கண்ணை எடுக்க அனுமதிக்கும் 3 ஆம் நிலையுடன் 2021 இல் ஜப்பானில் வந்த ஹோண்டா லெஜண்டும் ஹைபிரிட்தான். நம் நாட்டில் 2022 இல் வந்த ஹோண்டா சிட்டி ஹைபிரிட்டிலும், மேலே சொன்ன கிரெட்டா எலெக்ட்ரிக்கிலும் அடாஸ் உண்டு. ஒரே காரில்கூட விலை கூடிய வேரியண்டில் மட்டும் அது இருக்கலாம் என்பதால், ஷோரூமில் வேரியண்ட் வாரியாகப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.

டெஸ்ட் டிரைவ் கேட்கும்போது, கொண்டலாம்பட்டியிலிருந்து சங்ககிரி நோக்கிப் போகும் நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். பக்கத்து லேனிலிருந்து ஒரு லாரி குறுக்கே நுழையும்போது கார் மெல்ல வேகத்தைக் குறைக்கிறதா, சடாரென்று பிரேக் போடுகிறதா என்று கவனியுங்கள். பின்னால் பைக்கில் வருபவரின் உயிர் அந்த வேறுபாட்டில் இருக்கிறது.

நான்காம் படி: ஏற்காடு ஏறி இறங்குங்கள்

கோரிமேடு தாண்டி அடிவாரத்திலிருந்து தொடங்கும் 20 கொண்டை ஊசி வளைவுகளும் இந்த ஒப்பீட்டின் மிகச் சிறந்த தேர்வுக்களம் என்பேன். அடாஸின் எல்லை இங்கே தெரிந்துவிடும். கொண்டை ஊசி வளைவில் கோட்டைப் பின்தொடரும் வசதி கைவிட்டுவிடும். ஒரு மார்கழிக் காலையில் நான் ஏறியபோது, பனிமூட்டம் கண்ணாடியில் படர்ந்ததும் கேமராவின் பார்வை மறைந்துவிட்டதாக டேஷ்போர்டில் மஞ்சள் எச்சரிக்கை வந்தது. அதன்பின் மலையேறி முடியும்வரை எல்லாம் என் கையில்தான். அன்று நான் ஓட்டியது மின்சாரக் கார். ஹைபிரிட்டாக இருந்தாலும் அதே நிலைதான்.

இறக்கத்தில் கதை மாறுகிறது. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வேறுபாடு சுமார் 1,200 மீட்டர். ஆட்களோடு 1,800 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு உயரம் ஏறும்போது சேர்த்துவைக்கும் ஆற்றல் ஏறக்குறைய 5.9 யூனிட். இறங்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி அதில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும். மின்சாரக் காரின் பெரிய பேட்டரியில் அதற்கு இடம் இருப்பதால், உராய்வும் இழப்பும் போக ஏறத்தாழப் பாதி திரும்பக் கிடைக்கும். ஹைபிரிட்டின் பேட்டரியோ மொத்தமே ஒன்றிரண்டு யூனிட்டுக்குள் அடங்குவது. சில வளைவுகளிலேயே நிரம்பிவிடும். அப்போது ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமலே என்ஜின் திடீரென்று உரக்க உறுமத் தொடங்கும். புதியவர்கள் இதைக் கேட்டுப் பழுது என்று பயந்துவிடுகிறார்கள். கார் பெட்ரோல் செலுத்தாமல் என்ஜினைச் சுழலவிட்டு அதன் இழுவையால் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது, அவ்வளவுதான்.

மின்சாரக் காரில் ஒன்றை மட்டும் மறவாதீர்கள். ஏற்காட்டில் தங்கும்போது சார்ஜ் போட்டால் 80 சதவீதத்தில் நிறுத்திவிடுங்கள். 100 வரை நிரப்பிவிட்டால் திரும்பும் ஆற்றலை ஏற்க இடமில்லாமல் மோட்டாரின் பிடிப்பு குறைந்து, முதல் சில வளைவுகளில் முழு எடையும் பிரேக் மீது விழும்.