துறைமுகத்துக்கு ஐந்தொகை போடுவது எப்படி?

காரைக்குடி ஏற்றுமதிக் கடையொன்றில் கணக்கெழுதியே எனக்குத் தலை நரைத்துவிட்டது. ஆத்தங்குடித் தரைக்கல்லும் பலகாரமும் எங்கள் சரக்கு. போகிற வழி தூத்துக்குடி. "கொச்சி வழியா அனுப்பினா என்னப்பா?" என்று முதலாளி ஒருநாள் கேட்டார். 2023-24 மொத்தச் சரக்கைப் பார்த்துவிட்டு, "தூத்துக்குடி 4.14 கோடி டன், கொச்சி 3.63 கோடிதான்" என்று நிமிர்ந்து சொன்னேன். "அதுல கன்டெய்னர் பெட்டி எத்தனை?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

தூத்துக்குடி டன்னில் அனல்மின் நிலையத்து நிலக்கரி நிறைய. கொச்சி டன்னில் கச்சா எண்ணெய். நம் முறுக்குக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? பெட்டியை எண்ணினால் கொச்சி 7.54 லட்சம் டிஇயூ (இருபதடிப் பெட்டிக் கணக்கு), தூத்துக்குடி 7.47 லட்சம்.

ஆகவே முதலில் எந்தச் சரக்கு என்று முடிவு செய்யுங்கள். பெட்டிச் சரக்கென்றால் டிஇயூதான் அளவு. இருபதடிப் பெட்டி ஒன்று, நாற்பதடி இரண்டு. டன் எப்படி ஏமாற்றும் என்பதை எங்கள் கிட்டங்கிக்கு வந்தால் காட்டுவேன். ஆத்தங்குடிக் கல் ஏற்றினால் பெட்டி பாதி நிறையுமுன்பே எடை வரம்பு முட்டிவிடும், மேலே வெறும் காற்று. தேன்குழலும் சீப்புச்சீடையும் கூரை வரை அடுக்கினாலும் எடை தேறாது. துறைமுக ஏட்டில் இரண்டும் தலா ஒரு டிஇயூதான்.

அடுத்து, வருடம். மத்திய அரசின் கீழுள்ள நம் பெருந்துறைமுகங்களுக்கு ஏப்ரல் முதல் மார்ச். கொழும்புக்கு ஜனவரி முதல் டிசம்பர். மாதக் கணக்கை எடுத்துக் கூட்டி நேர்செய்யாமல் பக்கத்தில் வைக்காதீர்கள். 2024இல் கொழும்பு சுமார் 78 லட்சம் டிஇயூ என்றதும் மலைக்கவும் வேண்டாம். பெரும்பகுதி கப்பல் மாறிப் போகும் பெட்டி. இறக்கும்போது ஒரு தரம், ஏற்றும்போது ஒரு தரம் எண்ணுவார்கள். தூத்துக்குடியில் ஏறிய நம் பெட்டி அங்கே கப்பல் மாறினால் மொத்தம் மூன்று தரம் எண்ணப்பட்டிருக்கும். கொழும்பு நமக்குப் போட்டியா, பங்காளியா என்றால், எங்கள் ஊரில் இரண்டும் ஒன்றுதான்.

பிறகு பங்கு. 2024-25இல் தூத்துக்குடி 7.95 லட்சம், ஆறு சதவீதத்துக்கு மேல் ஏற்றம். கொச்சியோ 8.34 லட்சம். இரண்டையும் கூட்டி வகுத்தால் தூத்துக்குடியின் பங்கு 49.8இலிருந்து 48.8 சதவீதமாக இறங்கியிருக்கிறது.

சென்னையைச் சேர்த்தால் ஒரு ஜாக்கிரதை. 2011இல் நீதிமன்ற உத்தரவால் அங்கே நிலக்கரி நின்று எண்ணூருக்குப் போனது. அந்தச் சரிவை வியாபார நஷ்டமாக எழுதாதீர்கள். எண்ணூர் பக்கத்துக் காட்டுப்பள்ளி தனியார் துறைமுகம், பெருந்துறைமுகப் பட்டியலில் வராது, தனியாகத் தேடிச் சேர்க்க வேண்டும்.

இத்தனையும் ஒரே தாளில் எழுதி முதலாளியிடம் நீட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "லாரி வாடகை எங்கே?" என்றார். இப்போது அதற்கும் ஒரு பத்தி கோடு போட்டு வைத்திருக்கிறேன்.