மலையில் ஸ்மார்ட் வாட்ச் கட்டி ஓடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேட்டுப்பாளையத்தில் ஒழுங்காக இருந்த வாட்ச் ஊட்டிக்கு வந்ததும் உளறத் தொடங்கும். கோளாறு பெரும்பாலும் வாட்சில் இல்லை. சமவெளிப் பழக்கத்தோடு அதைக் கட்டிக்கொண்டு மலையேறுவதுதான் சிக்கல்.

முதல் தவறு, குளிரில் காட்டும் இதயத்துடிப்பை அப்படியே நம்புவது. வாட்சின் அடியிலுள்ள பச்சை விளக்கு தோலுக்குள் ஒளி பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கத்தை எண்ணுகிறது. ஜனவரியில் தலைகுந்தாப் புல்வெளியில் உறைபனி படிந்திருக்கும் நேரத்தில் கிளம்பினால், மணிக்கட்டின் ரத்தக்குழாய்கள் சுருங்கி அந்த ஏற்ற இறக்கம் மங்கிவிடும். உடனே வாட்ச் கை வீச்சின் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். நிமிடத்துக்கு 165 அடி வைத்தால் துடிப்பும் 165 என்று காட்டும், உள்ளே 130தான் ஓடிக்கொண்டிருக்கும். கிளம்பிய இரண்டாவது நிமிடமே எண் மேலே தாவி, ஏற்றத்திலும் இறக்கத்திலும் அசையாமல் நின்றால் சந்தேகப்படுங்கள். நின்று கழுத்தில் விரல் வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் உண்மை தெரிந்துவிடும்.

வாட்சை மணிக்கட்டு எலும்பிலிருந்து இரண்டு விரல் மேலே தள்ளி, நழுவாத அளவுக்கு இறுக்கிக் கட்டி, ஸ்வெட்டர் கையை அதன்மேல் இழுத்துவிடுங்கள். (ஸ்வெட்டருக்கு மேலேயே கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்!) வீட்டுக்குள்ளேயே 10 நிமிடம் உடம்பைச் சூடாக்கிக்கொண்டு கிளம்புவது நல்லது. துல்லியம் வேண்டுமென்றால் மார்புப் பட்டைதான். அது இதயத்தின் மின்துடிப்பைப் பிடிப்பதால் குளிர் அவ்வளவாகப் பாதிக்காது. ஆனால் வியர்க்கும் வரை பட்டை காய்ந்திருக்கும், அதனால் தோலில் படும் பகுதியைத் தண்ணீரில் நனைத்துக் கட்டுங்கள்.

அடுத்தது, ‘உங்கள் உடற்தகுதி குறைந்துவிட்டது’ என்று வாட்ச் சொன்னதும் பயந்து பயிற்சியைக் கூட்டுவது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு, மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவு குறைவு. 1968 ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ சிட்டியும் ஏறக்குறைய இதே உயரம்தான். அங்கே 10,000 மீட்டரை வென்றவரின் நேரம் 29 நிமிடம் 27 விநாடி. அப்போதைய உலக சாதனை 27 நிமிடம் 39 விநாடி. சாதனையை வைத்திருந்த ரான் கிளார்க் ஆறாவதாக வந்து சுருண்டு விழுந்தார். அவருக்கே அந்தக் கதி என்றால், கோவையிலிருந்து வார இறுதிக்கு வந்தவர் பழைய வேகத்தை எட்டாததில் ஆச்சரியமில்லை. முதல் வாரம் வேகத்தைப் பார்க்காதீர்கள், மூச்சு வாங்காமல் பேச முடிகிற அளவில் ஓடுங்கள்.

தூரக் கணக்குக்கு ஒரே குறிப்பு: நீங்கள் இருக்கும் இடத்தைக் குறிக்கும் ஜிபிஎஸ் பதிவை ‘ஒவ்வொரு விநாடியும்’ என்று மாற்றிவையுங்கள். சிக்கன முறையில் வாட்ச் சில புள்ளிகளை விட்டுவிட்டு நடுவில் நேர்கோடு போடும். கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளும் அப்படியே மழுங்கி, தூரம் குறைந்துவிடும்.

உயரக் கணக்கில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். காற்றழுத்தமானி உள்ள வாட்ச், அழுத்தம் குறைந்தால் நீங்கள் மேலே ஏறியதாக எண்ணிக்கொள்ளும். ஊட்டி உயரத்தில் 1 மில்லிபார் குறைவது சுமார் 10 மீட்டர் ஏற்றத்துக்குச் சமம். நம் பக்கம் அழுத்தம் தினமும் காலை 10 மணி வாக்கில் உச்சத்துக்குப் போய், மாலை 4 மணி வாக்கில் இரண்டு மூன்று மில்லிபார் இறங்கும். ஆக, சும்மா உட்கார்ந்திருந்தாலே வீடு சாயங்காலத்துக்குள் 20, 30 மீட்டர் உயர்ந்துவிடும்! மழை மேகம் திரண்டால் கணக்கு இன்னும் கெடும். ரயில் நிலைய மஞ்சள் பலகையில் கடல் மட்டத்திலிருந்து உயரம் எழுதியிருக்கும். ஓடும் நாளன்று அங்கே நின்று அந்த எண்ணை வாட்சில் பதியுங்கள். தொட்டபெட்டா உச்சி என்றால் 2,637.

அதன் பிறகும் உயரம் தாறுமாறாகக் குதித்தால், அழுத்தமானிக்குக் காற்று போகும், வாட்சின் ஓரத்திலுள்ள சிறு துளையைப் பாருங்கள். வியர்வை உப்போ சன்ஸ்கிரீனோ அடைத்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் அலசினால் போதும். ஊசியால் குத்தினால் உள்ளிருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்துவிடும்.