பேப்பரில் தப்பாகப் போட்டுவிட்டார்களா? புகார் எழுதுவது இப்படித்தான்

வியாசர்பாடியில் என் அத்தை வீட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை. போன வருஷம் ஒரு நாள் காலையில் அந்தக் கடைக்கு வந்த தினசரியில் அத்தை மகனின் படம் இருந்தது. கேரம் போட்டியில் கோப்பை வாங்கியபோது எடுத்த படம் அது. கோப்பையை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் எடுத்து, செல்போன் பறிப்பு வழக்கில் கைதானவர் என்று கீழே போட்டிருந்தார்கள். கைதானவன் வேறு ஆள். பெயர் மட்டும்தான் ஒன்று.

"பேப்பர்லயே போட்டுட்டாங்க, இனிமே யார்கிட்ட போய் சொல்றது?" என்று அத்தை அழுதார். வடசென்னைப் பையன் என்றால் விசாரிக்காமலே எழுதிவிடலாம் என்ற பழக்கம் இருக்கும்வரை இந்தக் கேள்வி இன்னும் பல வீடுகளில் கேட்கும். ஆனால் சொல்வதற்கு இடம் இருக்கிறது. வக்கீல் கட்டாயமில்லை, கட்டணமும் இல்லை. நாள் கணக்கு மட்டும் முக்கியம்.

முதல் வேலை: பேப்பரை எடுத்து வையுங்கள்

செய்தியை மட்டும் கத்தரிக்காதீர்கள். தேதியும் பதிப்பின் பெயரும் தெரிகிற மாதிரி முழுப் பேப்பரையும் வையுங்கள். ஒரே பத்திரிகையின் சென்னைப் பதிப்பில் வந்தது வேறு ஊர்ப் பதிப்பில் வராமல் இருக்கலாம். அச்சிட்டவர், வெளியிட்டவர், ஆசிரியர் பெயரும் முகவரியும் பொடி எழுத்தில் உள்ளே ஓர் ஓரத்தில் இருக்கும். உங்கள் கடிதம் போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை மட்டும் நம்பி உட்காராதீர்கள்.

அடுத்து: பென்சிலால் கோடு போடுங்கள்

இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். கோபத்தில் "எங்கள் குடும்ப மானத்தை வாங்கிவிட்டீர்கள், இது பத்திரிகை தர்மமா" என்று மூன்று பக்கம் எழுதுவார்கள். படிக்கிறவருக்கு எந்த வரி தப்பு என்றே தெரியாது. நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். கிழித்துப் போட்டுவிட்டு, செய்தியை வரி வரியாகப் படித்துத் தப்பான இடத்தில் மட்டும் கோடு போட்டேன். இரண்டே இடம்: படம் ஒன்று, அதன் கீழே இருந்த வரி ஒன்று. மிச்சச் செய்தி உண்மைதான், அதைத் தொடவில்லை.

கோடு போட்ட ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் உண்மை என்ன, அதற்கு என்ன ஆதாரம் என்று எழுதுங்கள். எங்களிடம் அந்தக் கேரம் போட்டியின் சான்றிதழும் முழுப் படமும் இருந்தன. போடுவதற்கு முன் உங்களிடம் யாராவது விசாரித்தார்களா என்பதையும் சேருங்கள். செய்தியைச் சரிபார்த்துப் போட வேண்டும் என்பது, பத்திரிகைகள் மீதான புகார்களை விசாரிக்கும் டெல்லி அமைப்பான பிரஸ் கவுன்சில் வகுத்த நடத்தை நெறிகளிலேயே இருக்கிறது.

சில செய்திகளில் தகவல் சரியாகவே இருக்கும், ஆனால் அச்சில் வந்திருக்கவே கூடாது. பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தையின் அடையாளம் அப்படிப்பட்டது. பெயரை விட்டுவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். கொருக்குப்பேட்டையில் இன்ன தெரு, அப்பா துறைமுகத்தில் வேலை, இன்ன பள்ளி என்று போட்டால் எங்கள் பக்கத்தில் அரை மணி நேரத்தில் வீட்டைக் கண்டுபிடித்துவிடுவார்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு முகவரி, குடும்பம், பள்ளி, அக்கம்பக்கம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் தடுக்கிறது. இது குற்றம் என்பதால் போலீஸிலும் புகார் கொடுக்கலாம். தனிமனிதரின் அந்தரங்கத்துக்கும் பத்திரிகைக்கும் நடுவே கோடு எங்கே என்பதை உச்ச நீதிமன்றம் 1994-இல் ராஜகோபால் வழக்கில் பேசியிருக்கிறது. கொலை வழக்கில் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவது பற்றி எழுந்த நம்மூர் வழக்குதான் அது.

மூன்றாவது: ஆசிரியருக்குக் கடிதம்

இதைத் தாண்டிக்கொண்டு நேராக டெல்லிக்கு எழுதக் கூடாது. முதலில் ஆசிரியருக்கு எழுதியாக வேண்டும் என்பது கவுன்சிலின் விதி. ஒரு பக்கம் போதும். நாங்கள் எழுதியது இப்படித்தான்:

"தங்கள் நாளிதழில் இன்ன தேதி, சென்னைப் பதிப்பு, 3-ஆம் பக்கத்தில் வந்த செய்தியோடு உள்ள படம் கைதானவருடையது அல்ல, என் மகனுடையது. அவன் மீது எந்த வழக்கும் இல்லை. ஆதாரம் இணைத்துள்ளேன். அதே பக்கத்தில் திருத்தமும் வருத்தமும் வெளியிட வேண்டுகிறேன்."

ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மின்னஞ்சலிலும் ஒரு பிரதி போகட்டும். போனில் பேசியது கணக்கில் வராது.

ஒன்பதாம் நாள் உள்பக்கத்தில் இரண்டு வரி வந்தது. படமும் இல்லை, வருத்தமும் இல்லை. தப்பு கண்ணில் படுகிற இடத்தில், திருத்தம் மூலையில். திருத்தத்துக்கு உரிய முக்கியத்துவம் தர வேண்டும் என்றும் அந்த நெறிகள் சொல்கின்றன. அந்த வாசகத்தைக் காட்டி இரண்டாவது கடிதம் போட்டோம், கவுன்சிலுக்கான புகாரும் தயார் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தோம். அடுத்த வாரம் 3-ஆம் பக்கத்திலேயே வருத்தம் வந்தது. அத்தை அன்றைக்கு அந்தப் பேப்பரில் நான்கு பிரதி வாங்கி, ஒன்றை டீக்கடையிலேயே கொடுத்துவிட்டு வந்தார்.

அதற்கும் மசியவில்லை என்றால்: பிரஸ் கவுன்சில்

1978-ஆம் வருஷச் சட்டப்படி இயங்கும் அமைப்பு இது. தினசரி, வார இதழ் என்றால் செய்தி வந்து 2 மாதத்துக்குள், மற்ற இதழ்கள் என்றால் 4 மாதத்துக்குள் புகார் போக வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் தலைவர் மன்னிக்கலாம், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். புகாரோடு செய்தியின் பிரதி, அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு (தமிழ்ச் செய்தி என்றால் இது கட்டாயம்), ஆசிரியருக்கு எழுதிய கடிதம், பதில் வந்திருந்தால் அது, எல்லாம் இருக்க வேண்டும். எல்லா உண்மைகளையும் சொல்லிவிட்டேன், இது பற்றி எந்த நீதிமன்றத்திலும் வழக்கு இல்லை, இனி வந்தால் தெரிவிக்கிறேன் என்று ஓர் உறுதிமொழியும் வேண்டும். முகவரி: பிரஸ் கவுன்சில் ஆஃப் இந்தியா, சூச்னா பவன், 8, சி.ஜி.ஓ. வளாகம், லோதி ரோடு, புது டெல்லி 110003.

கவுன்சில் எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், அதை அந்தப் பத்திரிகையே வெளியிட வேண்டும் என்றும் சொல்லலாம். அபராதமோ நஷ்டஈடோ வாங்கித் தராது. பணம்தான் வேண்டும் என்றால் கோர்ட்டுதான் வழி. கோர்ட்டில் நிலுவையில் இருப்பதைக் கவுன்சில் விசாரிக்காது. எது வேண்டும் என்று முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். அப்புறம், டிவியும் செய்தி இணையதளங்களும் இந்தக் கவுன்சிலின் கீழ் வராது. இணையதளம் என்றால் அதன் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 15 நாளில் அவர் முடிவு சொல்ல வேண்டும்.

விசாரணைக்கு எடுத்துக்கொண்டால் பத்திரிகைக்கு நோட்டீஸ் போகும். விசாரணைக் குழு கூப்பிட்டால் நீங்களே நேரில் போய்ப் பேசலாம். அப்போது கோடு போட்ட அந்தப் பேப்பரை மறக்காமல் கையோடு கொண்டுபோங்கள்.