வின்ச் கேபிள் அறுந்தால்: கிளைடர் பழகுபவர்களுக்கு ஒரு செய்முறை

வடசென்னை மொட்டைமாடிகளில் காற்றாடி விட்டு வளர்ந்தவர்களுக்கு வின்ச் ஏற்றத்தைப் புரியவைப்பது எளிது. ஓடுதளத்தின் மறுமுனையில் நிற்கும் வின்ச் என்ற இழுவை இயந்திரம் கேபிளைச் சுருட்டச் சுருட்ட, எஞ்சின் இல்லாத விமானமான கிளைடர் மூக்கைச் சுமார் 45 பாகை தூக்கிக்கொண்டு காற்றாடி போலவே ஏறுகிறது. நூல் அறுந்த காற்றாடியை விட்டுவிடலாம். கேபிள் அறுந்த கிளைடரில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். சென்னையிலிருந்து புனேயின் ஹடப்சருக்குப் பயிற்சிக்குக் கிளம்பும் எவருக்கும் நான் முதலில் சொல்லித்தருவது இதைத்தான்.

தேய்ந்த கேபிள் அறுவதுண்டு. இழுவிசை அளவு மீறினால் கிளைடரைக் காப்பதற்காகத் தானே உடையும் ‘வீக் லிங்க்’ என்ற உலோகத் துண்டும் உண்டு. ஆகவே ஒவ்வொரு ஏற்றத்திலும் இது நடக்கும் என்று எண்ணியே கிளம்புங்கள்.

ஏறுவதற்கு முன். தரையிறங்க வரும்போது வைத்திருக்க வேண்டிய பறப்பு வேகம் (இறங்கும் வேகம்) எவ்வளவு, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, திரும்ப நேர்ந்தால் எந்தப் பக்கம் என்ற மூன்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஏ.எஸ்.கே. 21 என்ற பயிற்சிக் கிளைடரில் இறங்கும் வேகம் மணிக்கு சுமார் 90 கி.மீ.

அறுந்தவுடன். கிளைடரை இயக்கும் கைப்பிடியான ஸ்டிக்கை முன்னால் தள்ளி, மூக்கை வழக்கமாக இறங்கும் நிலைக்கும் சற்றுக் கீழே கொண்டுவாருங்கள். தரையிலிருந்து சில மீட்டர் உயரத்திலேயே அறுந்தால் மட்டும் இப்படித் தள்ளக் கூடாது. மூக்கு தரையில் குத்திவிடும். மெல்லத் தளர்த்தி நேராக இறங்குங்கள்.

பிறகு காத்திருங்கள். உயிர்கள் போவது இந்த இடத்தில்தான். மூக்கு கீழே வந்துவிட்டது, அடிவானம் சரியாகத் தெரிகிறது. எல்லாம் சீராகிவிட்டது என்று மனம் நம்பிவிடும். வேகமானியோ இன்னும் 60-க்குப் பக்கத்தில் நிற்கும். மூக்கைத் தள்ளும்போது உடல் எடையற்று மிதப்பதால் இறக்கைக்கும் சுமை குறைவு; அதனால்தான் அந்தக் குறைந்த வேகத்திலும் கிளைடர் ஸ்டால் ஆகவில்லை, அதாவது இறக்கை தூக்குவிசையை இழக்கவில்லை. அந்த நொடியில் ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தாலோ, திரும்பினாலோ சுமை திரும்பி வரும். ஒரு பக்க இறக்கை விழுந்து கிளைடர் சுழலத் தொடங்கலாம். அந்த உயரத்தில் மீள்வதற்கு இடமில்லை. இறக்கையின் தூக்குவிசையைக் குறைக்கும் ஏர்பிரேக்கைத் திறப்பதும் அதே அளவு ஆபத்து. முள் 90-ஐத் தொட்டு அங்கேயே நிலைக்கும்வரை சிறகுகளைச் சமமாக வைத்திருங்கள். வேறெதுவும் வேண்டாம்.

வேகம் வந்ததும், கேபிளைக் கழற்றிவிடும் மஞ்சள் குமிழை இருமுறை இழுங்கள். மிச்சக் கேபிள் கொக்கியில் தொங்கிக்கொண்டிருக்கலாம்.

எங்கே இறங்குவது? முன்னால் ஓடுதளம் போதுமென்றால் நேராகவே இறங்குங்கள், நீல நிற ஏர்பிரேக் நெம்புகோலை இப்போது பயன்படுத்தலாம். போதாதென்றால், காற்று பக்கவாட்டில் வீசும்போது முதலில் அது போகும் திசைக்குத் திரும்புங்கள். அப்போதுதான் கடைசித் திருப்பம் காற்றை எதிர்த்து அமையும், ஓடுதளத்தைத் தாண்டிப் போய்விட மாட்டீர்கள். உயரம் நன்றாக இருந்தால் சிறிய சுற்று ஒன்றை முடித்து இறங்கலாம். இரண்டுமே முடியும் என்று தோன்றினால் நேராக இறங்குவதையே தேர்ந்தெடுங்கள்.

புனே போகும்வரை காத்திருக்க வேண்டாம். இன்று இரவு வீட்டு நாற்காலியில் அமர்ந்து, யாரையாவது எதிர்பாராத நேரத்தில் கைதட்டச் சொல்லுங்கள். தட்டியதும் “தள்ளு, காத்திரு, வேகம் பார், குமிழை இழு, முடிவெடு” என்று சொல்லிக்கொண்டே கையை நகர்த்துங்கள். ‘காத்திரு’ என்ற சொல்லுக்குப் பின் மெதுவாக ஐந்துவரை எண்ணுங்கள். விமானத்தில் எண்ணிக்கையை நம்பாமல் முள்ளைப் பார்க்க வேண்டும்.