குளத்து நீரில் டிஎன்ஏ மாதிரி எடுப்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

வலை வீசாமலேயே ஒரு குளத்தில் என்னென்ன மீன், தவளை, ஆமை இருக்கின்றன என்று கண்டுபிடிக்கலாம். தோல் செல், சளி, எச்சம் என்று எல்லா உயிரினங்களும் எதையாவது தண்ணீரில் விட்டுக்கொண்டே இருக்கும். அதில் கலந்திருக்கும் டிஎன்ஏவைத்தான் சுற்றுச்சூழல் டிஎன்ஏ என்கிறோம். பிரான்ஸ் நாட்டுக் குளங்களில் அமெரிக்கக் காளைத் தவளை இருப்பதை வெறும் தண்ணீரை வைத்தே உறுதி செய்த ஆய்வு 2008-இல் வெளிவந்தது. அதன் பிறகு இந்த முறை வேகமாகப் பரவியது.

ஆய்வகச் சோதனை மிக நுட்பமானது. உங்கள் கையிலோ செருப்பிலோ ஒட்டி வந்த டிஎன்ஏவையும் அது காட்டிவிடும். அதனால் களத்தில் பாதி வேலை சுத்தம்தான்.

1. முதலில் ஆய்வகத்திடம் பேசுங்கள்

ஒரே ஒரு இனத்தைத் தேடுகிறீர்களா, அல்லது மொத்தமாக என்னென்ன இருக்கின்றன என்று பார்க்கிறீர்களா? அதைச் சொல்லி, டிஎன்ஏவைப் பிடித்து வைக்க எந்த ஃபில்டர் (வடிகட்டி), அது கெடாமல் இருக்க எந்தப் பாதுகாப்புத் திரவம் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாதிரி எடுக்க அனுமதி தேவையா என்பதையும் இப்போதே விசாரித்துவிடுங்கள். உயிரினங்களின் எண்ணிக்கை, வயது, அவை உயிரோடு இருக்கின்றனவா என்பதையெல்லாம் இந்தச் சோதனை சொல்லாது. உங்கள் கேள்வி அதுவென்றால் வேறு முறைக்குப் போக வேண்டும்.

2. முந்தைய நாளே கழுவி வையுங்கள்

பாட்டில்களை, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்த கரைசலில் குறைந்தது 10 நிமிடம் ஊற வையுங்கள். கரைசலை அன்றன்றைக்கே கலக்க வேண்டும், நாளாக ஆக அதன் வீரியம் குறையும். அப்புறம் காய்ச்சி வடித்த நீரில் நன்றாக அலசுங்கள். ப்ளீச் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் நீங்கள் தேடிப்போகும் டிஎன்ஏவையே சிதைத்துவிடும். ப்ளீச்சை எத்தனாலோடும் (ஆல்கஹால்) ஆய்வகம் கொடுக்கும் திரவங்களோடும் ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சுப் பொருள்கள் உருவாகும்.

3. வெற்று மாதிரி

புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான். காய்ச்சி வடித்த நீரைக் களத்துக்குக் கொண்டுபோய், அங்கே திறந்து, குளத்து நீரைப் போலவே வடிகட்டிப் பாதுகாக்க வேண்டும். அதில் மீன் டிஎன்ஏ தென்பட்டால், எங்கோ கலப்படம் நடந்திருக்கிறது என்று அர்த்தம். இது இல்லாமல் வரும் முடிவை என்னால் நம்ப முடியாது. பணமோ நேரமோ போதவில்லை என்றால் ஒரு இடத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், வெற்று மாதிரியை மட்டும் குறைக்காதீர்கள்.

4. தண்ணீர் எடுத்தல்

புதுக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். முடிந்தவரை கரையிலிருந்தே எடுங்கள். ஓடும் நீரில் இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால், நீரோட்டத்தை எதிர்நோக்கி நின்று, உங்களுக்கு முன்னால் வரும் நீரை எடுக்க வேண்டும். அடிச்சேற்றைக் கலக்கிவிடாதீர்கள். சேற்றில் டிஎன்ஏ நெடுநாள் தங்கும் என்பதால், முன்பு எப்போதோ இருந்த உயிரினமும் கணக்கில் வந்துவிடும்.

குளத்தில் டிஎன்ஏ எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பரவியிருக்காது. எனவே ஓரத்தில் பல இடங்களிலிருந்து எடுங்கள். ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியாக மூன்று மாதிரிகள் எடுப்பது நல்லது. ஆறென்றால், கிடைக்கும் டிஎன்ஏ மேலே வெகுதூரத்திலிருந்து அடித்து வரப்பட்டதாகவும் இருக்கலாம்.

5. வடிகட்டுதல்

புதியவர்களுக்கு நான் சொல்வது, சிரிஞ்சில் பொருத்தும் மூடிய ஃபில்டர். வடிதாளை இடுக்கியால் தொட வேண்டிய வேலையே இல்லை. 0.45 மைக்ரான் துளை அளவு பரவலாகப் பயன்படுகிறது. கலங்கல் நீருக்கு இன்னும் பெரிய துளை தேவைப்படும். சிரிஞ்சை நிரப்பி, ஃபில்டரை மாட்டி, மெதுவாக அழுத்துங்கள். முதலில் தண்ணீர் சுலபமாக இறங்கும். போகப் போக ஃபில்டருக்குள் இருக்கும் வெள்ளைச் சவ்வு பழுப்போ பச்சையோ ஆகி, கட்டைவிரலுக்கு அழுத்தம் கூடும். சொட்டுச் சொட்டாக வரும்போது நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் அழுத்தினால் சவ்வு கிழியும். ஒரு லிட்டர் இலக்கு வைத்து 400 மில்லிதான் இறங்கியது என்றாலும் பரவாயில்லை, இறங்கிய அளவை எழுதி வையுங்கள்.

அங்கேயே வடிகட்ட முடியாவிட்டால் பாட்டிலை ஐஸ் பெட்டியில் வைத்து, வெயில் படாமல் கொண்டுபோய், 24 மணி நேரத்துக்குள் வடிகட்டிவிடுங்கள்.

6. பாதுகாத்தல், குறித்தல்

ஃபில்டருக்குள் காற்றை அழுத்தி மிச்ச நீரை வெளியேற்றுங்கள். ஆய்வகம் சொன்ன திரவத்தைச் செலுத்தி இரு முனைகளையும் மூடுங்கள். ஃபார்மலின் வேண்டாம், அது டிஎன்ஏவைக் கெடுக்கும். லேபிளைப் பென்சிலில் எழுதுங்கள், எத்தனால் பட்டால் பேனா மை பெரும்பாலும் கரைந்துவிடும். மாதிரி எண், இடத்தின் ஜிபிஎஸ், தேதி, நேரம், வடிகட்டிய அளவு, நீரின் வெப்பநிலை ஆகியவற்றை நோட்டிலும் எழுதுங்கள்.

7. அடுத்த இடத்துக்கு முன்

கையுறையை மாற்றுங்கள், புது சிரிஞ்ச் எடுங்கள். பூட்ஸில் ஒட்டிய சேற்றைத் தேய்த்துக் கழுவி, கிருமிநீக்கி தெளித்து, உலர விடுங்கள். தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை ஈரமான பூட்ஸ் வழியாகவும் ஒரு குளத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகக்கூடும்.