தரம்பார்த்தல்: லேபிளை நம்பிக் கெடும் கணக்கு

அமிலத்தில் தண்ணீரை ஊற்றாதே, தண்ணீரில் அமிலத்தை ஊற்று என்று எல்லாருக்கும் முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள். அதை விடுவோம். தரம்பார்த்தல் என்பது, செறிவு தெரிந்த கரைசல் எவ்வளவு செலவாகிறது என்று பார்த்து இன்னொரு கரைசலின் செறிவைக் கண்டுபிடிப்பது. அதற்காகப் புதிதாகப் பியூரெட்டைப் (அளவுக் கோடுகளும் அடியில் திருகும் உள்ள நீண்ட கண்ணாடிக் குழாய்) பிடிப்பவர்களிடம் வருடம் தவறாமல் பார்ப்பது வேறு தவறுகள்.

எடைபோட்டதும் லேபிள் ஒட்டுவது

4 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடைக் கரைத்து 1 லிட்டராக்கி, "0.1 மோலார்" (லிட்டருக்கு 0.1 மோல்) என்று எழுதி ஒட்டிவிடுவார்கள். மோலார் நிறை (ஒரு மோலின் எடை, கிராமில்) 40, கணக்கில் பிழையில்லை. எடைபோட்ட பொருள் முழுவதும் சோடியம் ஹைட்ராக்சைடு இல்லை என்பதுதான் சிக்கல். தராசில் இருக்கும்போதே அந்த வில்லைகள் காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பளபளக்கத் தொடங்கும். கூடவே கார்பன் டை ஆக்சைடையும் இழுத்து, மேற்பரப்பில் சோடியம் கார்பனேட்டாக மாறும்.

கரைசலின் உண்மையான செறிவு 0.096 என்று வைத்துக்கொள்வோம். 0.1 மோலார் அமிலம் 25 மில்லியை நடுநிலையாக்க இந்தக் கரைசல் 26.0 மில்லி செலவாகும். லேபிளை நம்பிக் கணக்கிட்டால் அமிலம் 0.104 மோலார் என்று வரும். மூன்று முறை செய்தாலும் 26.0, 26.1, 26.0 என்றுதான் அளவு வரும். அளவுகள் ஒத்துப்போவதைக் காட்டி "சரியாகத்தானே வந்திருக்கிறது" என்பார்கள். எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். ஒரே தவறான கரைசலை மூன்று முறை ஊற்றினால் மூன்று முறையும் ஒரே தவறான விடைதான் வரும்.

கார்பனேட்டால் இன்னொரு தொல்லையும் உண்டு. இரண்டு ஹைட்ராக்சைடு அயனிகளைத் தின்று ஒரு கார்பனேட் உருவாகிறது. ஃபினாப்தலின் என்ற நிறங்காட்டி (எங்கே நிறுத்த வேண்டும் என்பதை நிறத்தால் காட்டும் பொருள்) நிறம் மாறும் இடத்தில் அந்தக் கார்பனேட் ஒரே ஒரு ஹைட்ரஜன் அயனியை ஏற்று பைகார்பனேட்டாக நின்றுவிடும். மெத்தில் ஆரஞ்சு என்ற இன்னொரு நிறங்காட்டி நிறம் மாறும்போதோ இரண்டு ஹைட்ரஜன் அயனிகளை ஏற்றிருக்கும். ஆக, ஒரே பாட்டிலுக்கு இரண்டு செறிவுகள்!

செய்ய வேண்டியது இது. எடையை நம்பக்கூடிய திட அமிலமான பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டை 110 டிகிரி செல்சியஸில் 2 மணி நேரம் உலர்த்தி, உலர்கலனில் (ஈரம் புகாத மூடிய கலன்) ஆறவிடுங்கள். சுமார் 0.5 கிராமைத் துல்லியமாக எடைபோட்டு, கொதிக்கவைத்து ஆறிய நீரில் கரைத்து, ஃபினாப்தலின் சேர்த்துத் தரம்பாருங்கள். மோலார் நிறை 204.22 என்பதால், கரைசல் சரியாக 0.1 மோலாராக இருந்தால் 0.5 கிராமுக்கு 24.5 மில்லி செலவாக வேண்டும். கிடைத்த அளவிலிருந்து செறிவைக் கணக்கிட்டு, அதைத் தேதியோடு லேபிளில் எழுதுங்கள். கரைசலைப் பாலித்தீன் பாட்டிலில் வையுங்கள். கண்ணாடி மூடி போட்டால் இறுகிப்போகும்.

வலிமை குறைந்த அமிலத்துக்குக் காரமும் குறைவாகப் போதும் என்று நினைப்பது

0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஹெச் 1. அதே செறிவில் அசிட்டிக் அமிலத்துக்கு 2.9. ஆனால் 25 மில்லியை நடுநிலையாக்க இரண்டுக்கும் ஒரே அளவு காரம்தான் தேவை. காரம் சேரச்சேர அசிட்டிக் அமிலம் மேலும் மேலும் அயனிகளாகப் பிரிந்துகொண்டே இருக்கும்.

வேறுபடுவது முடியும் இடம். அசிட்டிக் அமிலத்தின் சமானப்புள்ளி (அமிலமும் காரமும் சரிக்குச் சரியாகும் இடம்) பிஹெச் 8.7-ல் வரும், 7-ல் அல்ல. 3.1 முதல் 4.4 வரை நிறம் மாறும் மெத்தில் ஆரஞ்சைப் போட்டால், மூன்றில் ஒரு பங்குகூட நடுநிலையாகும் முன்பே மஞ்சளாகிவிடும். 8.3-க்கு மேல் நிறம் காட்டும் ஃபினாப்தலின்தான் இதற்குப் பொருந்தும்.

இளஞ்சிவப்பு மறைந்ததும் இன்னொரு துளி விடுவது

ஃபினாப்தலினின் இளஞ்சிவப்பு 30 விநாடி நின்றால் போதும். அதற்குப் பிறகு நிறத்தை அழிப்பது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு.

கூம்புக் குடுவையை அமிலத்தால் அலசுவது

பியூரெட்டையும் பிப்பெட்டையும் (குறித்த அளவு திரவத்தை எடுத்து ஊற்றும் குழாய்) அதனதன் கரைசலால் அலசலாம். கூம்புக் குடுவைக்கு வெறும் நீர்தான். உள்ளே ஒட்டிய அமிலம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

நிறங்காட்டியைத் தாராளமாக ஊற்றுவது

2 அல்லது 3 துளி. நிறங்காட்டியே ஒரு வலிமை குறைந்த அமிலமாகவோ காரமாகவோ இருக்கும்.

தோலில் பட்ட அமிலத்தைக் காரத்தால் முறிக்கப் பார்ப்பது

வேண்டாம். சூடு கூடும். உடனே ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள்.