20 செண்டில் பருத்தி: நெல்லுக்குப் பாய்ச்சிப் பழகியவர்களுக்கு ஒரு செய்முறை

கன்னியாகுமரி மாவட்டத்தில் பருத்தி போடுகிறேன் என்றால் ஊரில் சிரிப்பார்கள். நெல், வாழை, தென்னை, ரப்பர் என்று தண்ணீரை நம்பியே வளர்ந்த மாவட்டம் இது. ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய பக்கத்தில் மழை சற்றுக் கஞ்சம்தான். அங்கே 20 செண்டு விளையில் (மேட்டு நிலத்தில்) போட்டுப் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு விதை வாங்கக் கிளம்ப வேண்டாம். அந்த மழைக்கு ரப்பரே மேல்.

நாளைக் கடைசியிலிருந்து எண்ணுங்கள்

வெடித்த காயில் மழை பட்டால் பஞ்சு கறுத்து விலை போய்விடும். அதனால் எப்போது விதைப்பது என்பதைவிட எப்போது வெடிக்க வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி. நம் பக்கத்தில் நம்பி வெயில் காய்வது தையிலும் மாசியிலும்தான். விதைத்து 50 முதல் 60 நாளில் முதல் பூ வரும். பூ காயாகி வெடிக்க இன்னும் 45 முதல் 50 நாள். பின்னோக்கிக் கணக்குப் போட்டால் புரட்டாசி இரண்டாம் வாரத்தில் வந்து நிற்கிறது.

கும்பப்பூ நெல்லை அறுத்த கையோடு மாசியில் போடலாமே என்று கேட்பார்கள். போடலாம், ஆனால் ஆனியிலும் ஆடியிலும் வெடிக்கும். முப்பந்தலில் காற்றாலையைச் சுற்றுகிற காற்று உங்கள் பஞ்சை மட்டும் விட்டுவைக்குமா?

நிலமும் விதையும்

ஆழ உழுது, தொழுவுரம் போட்டு, 75 செ.மீ. இடைவெளியில் பார் (நீள மண்மேடு) பிடியுங்கள். பார் பிடிக்கும் முன்பே வடிகால் வெட்டிவிடுங்கள். ஐப்பசி மழையில் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட அது எளிது.

விதை பஞ்சு நீக்கியதாக இருக்கட்டும். வீட்டிலேயே அமிலத்தில் போட்டுப் பஞ்சு நீக்கலாம் என்று சொல்வார்கள். புதியவர்களுக்கு அந்த விளையாட்டு வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூர் பருத்தி ஆராய்ச்சி நிலையத்தின் எஸ்.வி.பி.ஆர். 2 போன்ற ரகத்துக்குச் செடிக்குச் செடி 30 செ.மீ. விட்டால், ஒரு செண்டில் சுமார் 180 செடி நிற்கும். 20 செண்டுக்கு 3,600 குழி. குழிக்கு இரண்டு விதை வீதம் ஏறத்தாழ 600 கிராம் போதும். வீரிய ஒட்டு ரகம் என்றால் செடி பெரிதாகப் படரும். இந்தக் கணக்கு ஒத்துவராது, இடைவெளியை அகலமாக விட வேண்டும்.

விதைக்கும் இடம் பாரின் உச்சியும் அல்ல, பார்களுக்கு நடுவே தண்ணீர் ஓடும் சாலின் அடியும் அல்ல. பாரின் சரிவில், தண்ணீர் ஏறும் மட்டத்துக்குச் சற்று மேலே, 3 செ.மீ. ஆழத்தில் வையுங்கள். ஆள்காட்டி விரலின் முதல் கணுவரை உள்ளே போனால் போதும். அன்றைக்கே நூறு விதையைச் சிறிய பாலித்தீன் பைகளில் தனியாக முளைக்கப் போட்டுவிடுங்கள். பத்தாம் நாள் முளைக்காத குழிகளில் அந்த நாற்றை நட்டால் வயல் முழுதும் ஒரே வயதில் நிற்கும். காலியிடத்தில் பிறகு விதை போட்டால் அந்தச் செடி மூத்த செடிகளின் நிழலிலேயே சோம்பிக் கிடக்கும். பதினைந்தாம் நாள் குழிக்கு ஒன்றை விட்டு மற்றதைப் பிடுங்கிவிடுங்கள். மனம் வராது, பிடுங்கத்தான் வேண்டும்.

தண்ணீர்: இங்கேதான் நான் அடி வாங்கினேன்

விதைத்த உடன் ஒரு தண்ணீர், ஐந்தாம் நாள் ஓர் உயிர்த்தண்ணீர். செம்மண்ணில் மேற்புறம் காய்ந்து ஓடு கட்டிவிடும், முளை தலைதூக்க முடியாது. உயிர்த்தண்ணீர் அந்த ஓட்டை இளக்கத்தான். நடுவில் மழை பெய்தால் இரண்டும் தேவையில்லை. அதன்பின் பூக்கும்வரை கை இறுக்கமாகவே இருக்கட்டும். இந்தப் பருவத்தில் தண்ணீர் கொஞ்சம் குறைந்தால் வேர் கீழே இறங்கும்.

முதல் ஆண்டு மார்கழியில் பத்து நாள் மழை இல்லை. உச்சிவெயிலில் இலை தொங்கியதைப் பார்த்துப் பதறிப்போய், நெல்லுக்குத் திறப்பதுபோல எல்லாச் சாலிலும் தண்ணீர் கட்டினேன். இரவு முழுதும் நின்றது. மூன்றாம் நாள் காலையில் சப்பையும் (பூ மொட்டு) பிஞ்சுமாகச் செடியடியில் உதிர்ந்து கிடந்தன. வேருக்குக் காற்று இல்லாமல் போனால் பருத்தி முதலில் கைவிடுவது தன் பிள்ளைகளைத்தான்.

மதியம் தொங்கிய இலை மாலையில் நிமிர்ந்தால் கவலை வேண்டாம். காலையிலேயே தொங்கினால்தான் தாகம். அதற்கும் முன்பே தெரிந்துகொள்ள, செடிக்கு ஒரு சாண் தள்ளி 15 செ.மீ. தோண்டி ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்துங்கள். உருண்டை பிடித்து நின்றால் மடையைத் தொடாதீர்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் திறக்கலாம்.

திறக்கும்போதும் ஒன்றுவிட்டு ஒரு சாலில்தான். இந்த முறை 1, 3, 5. அடுத்த முறை 2, 4, 6. ஒவ்வொரு செடிக்கும் ஒரு பக்கம் ஈரம், ஒரு பக்கம் காற்று. எங்கள் கிணற்று மோட்டார் முதல் ஆண்டு மூன்று மணி நேரம் ஓடிய இடத்தில், அடுத்த ஆண்டு இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது. வெறும் மணலாக இருந்தால் தண்ணீர் பக்கவாட்டில் பரவாமல் கீழே போய்விடும். அங்கே சொட்டுநீர்தான் வழி.

பூக்கத் தொடங்கியதிலிருந்து காய் திரளும்வரை பருத்திக்கு நல்ல பசி, நல்ல தாகம். சானல் (கால்வாய்) தண்ணீரை நம்புபவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: கோதையாறு பாசனத்தில் வழக்கமாகப் பிப்ரவரி இறுதியோடு அடைத்துவிடுவார்கள். நம் செடிக்கு அதற்கு முன்பே தேவை முடிந்துவிடும். முதல் காய்கள் வெடித்ததும் பாய்ச்சும் இடைவெளியை நீட்டுங்கள். பாதிக்கு மேல் வெடித்தால் நிறுத்திவிடுங்கள். அப்புறமும் பாய்ச்சினால் செடி மறுபடி துளிர்க்கும், பூச்சிக்கு விருந்தாகும்.

மற்றவை

களை, மேலுரம், மண் அணைப்பு எல்லாம் வழக்கம்போல. உரத்தின் அளவை மண் பரிசோதனையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 75 முதல் 80 நாளில், பதினைந்தாம் கணுவுக்கு மேல் நுனியைக் கிள்ளிவிட்டால் செடி உயரத்தை மறந்து காயைக் கவனிக்கும். பக்கத்தில் வெண்டை வேண்டாம். ஒரே குடும்பம், பூச்சியும் பொது. இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள். கையிலே மருந்து இருக்கிறது என்பதற்காகத் தெளிக்காதீர்கள்.

பூவையும் ஒருமுறை கிட்டப் போய்ப் பாருங்கள். இன்று காலை வெண்ணெய் நிறத்தில் விரிந்தது நாளை இளஞ்சிவப்பாகிவிடும். வெண்பூ செடியின் நடுப்பகுதியில் இருந்தால் செடி இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. சீக்கிரமே நுனிக்கு ஏறிவிட்டால் தண்ணீரோ சத்தோ குறைந்திருக்கிறது.

பறிப்பதைக் காலை பத்து, பதினொரு மணிக்குள் முடித்துவிடுங்கள். காலைப் பனியின் ஈரத்தில் காய்ந்த சருகு பொடிந்து பஞ்சில் ஒட்டாது. கறைபட்ட கொட்டுப் பருத்தியைத் தனியாகப் போடுங்கள். பறித்ததை நிழலில் உலர்த்துங்கள். உரச்சாக்கில் மட்டும் திணிக்காதீர்கள். அதன் பிளாஸ்டிக் இழை பஞ்சோடு கலந்தால் யாராலும் பிரிக்க முடியாது. பழைய வேட்டியை மடித்துத் தைத்த பை போதும்.